கறுத்துப்போன லேப்டாப் திரை: படம் எதுவரை வந்தது?

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, கீபோர்டுக்கு அடியில் வெளிச்சம் வருகிறது. திரை மட்டும் கரும்பலகை போலக் கிடக்கிறது. "டிஸ்ப்ளே போச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அடுத்த நிமிடமே புதுத் திரைக்கு எங்கே போவது என்று தேடத் தொடங்கியிருப்போம்.

கொஞ்சம் பொறுங்கள். இப்படிச் சொல்லி என் கைக்கு வந்த லேப்டாப்கள் பலவற்றில் திரைக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. ஒரு படம் நம் கண்ணில் படுவதற்கு முன் நாலைந்து இடங்களைத் தாண்டி வருகிறது. அதில் எங்கே தடைபட்டாலும் நமக்குத் தெரிவது அதே கறுப்புதான். ரயில் வந்து சேரவில்லை என்றால் கடைசி ஸ்டேஷன் மாஸ்டரையா திட்டுவோம்? எந்த நிலையம்வரை வந்தது என்றுதானே விசாரிப்போம். திரை விஷயத்திலும் அந்த விசாரணைதான். அதற்கு வேண்டியவை கைப்பேசியில் இருக்கும் டார்ச், ஒரு டிவி அல்லது மானிட்டர், அரை மணி நேரப் பொறுமை. ஸ்குரூ டிரைவருக்கு வேலை கடைசியில்தான். பலருக்கு அந்தக் கட்டமே வராது.

உயிர் இருக்கிறதா?

கேப்ஸ் லாக் பட்டனை இரண்டு மூன்று தடவை தட்டிப் பாருங்கள். அதிலுள்ள குட்டி விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் எரிந்து அணைந்தால், கணினி உள்ளே விழித்துத்தான் இருக்கிறது. படம் மட்டும் வெளியே வரவில்லை. விளக்கு எரிந்தபடியோ அணைந்தபடியோ அசையாமல் நின்றால், கணினி உறைந்துபோயிருக்கலாம் அல்லது இன்னும் விண்டோஸ்வரை போகாமல் இருக்கலாம். அந்த விளக்கே இல்லாத மாடலாக இருந்தால், வழக்கமான பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் அடித்து எண்டர் தட்டிக் காத்திருங்கள். ஏதாவது செய்தி வந்த ஓசை கேட்டால் போதும், உயிர் இருக்கிறது.

விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் அது திரைக் கோளாறே அல்ல. சார்ஜர், பிளக் பாயின்ட், பேட்டரி, சார்ஜர் செருகும் துளை என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேப்ஸ் லாக் விளக்கோ சார்ஜிங் விளக்கோ எண்ணி வைத்ததுபோல மூன்று முறை மின்னி, நின்று, மறுபடி மூன்று முறை மின்னுகிறதா? சிலவற்றில் இது பீப் ஒலியாக வரும். கணினி தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, எங்கே சிக்கல் என்று சொல்லும் சங்கேதம் அது. எத்தனை மின்னல் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, உங்கள் மாடலுக்கான கையேட்டில் பார்த்தால் கோளாறு ராமிலா (கணினியின் தற்காலிக நினைவகம்), மதர்போர்டிலா (பாகங்களெல்லாம் இணையும் முதன்மைப் பலகை) என்பது தெரிந்துவிடும். என்ன காரணமோ, பலரும் இந்த மின்னலைப் பார்த்தும் எண்ணுவதில்லை.

படம் வரும் வழி

மேலே சொன்ன நிலையங்கள் எவை என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படத்தை வரைவது கிராபிக்ஸ் சிப். 1920-க்கு 1080 அளவுள்ள சாதாரண முழு எச்டி திரையில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். ஆக, 62,20,800 புள்ளிகளுக்கான கணக்கை அந்தச் சிப் விநாடிக்கு 60 முறை போட்டு அனுப்புகிறது. அந்தச் செய்தி மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாகக் கிளம்பி, மூடியைத் தாங்கும் கீலின் ஓரமாக வளைந்து ஏறித் திரைக்குப் போகிறது. திரையின் அடிவிளிம்பில் ஒரு நீளமான, விரல் அகலச் சுற்றுப்பலகை உண்டு. அது வந்த செய்தியைப் பிரித்து, எந்த வரிசையில் எந்தப் புள்ளி எவ்வளவு திறக்க வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கிறது.

'திறக்க வேண்டும்' என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டேன். எல்சிடி திரையில் உள்ள திரவப் படிகம் தானாக ஒளி விடாது. ஜன்னல் கதவு மாதிரி, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடும் அல்லது மறிக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் தருவது பேக்லைட். திரையின் ஒரு விளிம்பில் வரிசையாக ஒட்டிய குட்டி எல்இடி விளக்குகளும், அந்த ஒளியைத் திரை முழுக்கப் பரப்பும் தடித்த கண்ணாடி போன்ற தகடும் சேர்ந்ததுதான் அது.

இந்தத் திரவப் படிகம் கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1888-ல் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலில் செய்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது 145.5 டிகிரியில் உருகியது, ஆனால் கலங்கலாக. இன்னும் சூடாக்க, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் குழம்பினார். திடமும் இல்லாமல் முழுத் திரவமும் இல்லாமல் நடுவில் நின்ற அந்தக் கலங்கல்தான் இன்று உங்கள் மடியில் ஜன்னல் கதவாக வேலை செய்யும் பொருளின் மூதாதை. அதைத் திரையாக்கிக் காட்ட இன்னும் 80 வருடம் ஆனது. 1968-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் முதல் எல்சிடியை உலகுக்குக் காட்டியது.

விஷயத்துக்கு வருவோம். படமும் வெளிச்சமும் வேறு வேறு என்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். இரண்டும் ஒரே கேபிளில் வந்தாலும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன, தனித்தனியாகவே கெடுகின்றன. படம் வந்து வெளிச்சம் வராமல் போகலாம். வெளிச்சம் வந்து படம் வராமல் போகலாம். இரண்டுமே வராமலும் போகலாம். மூன்றையும் நாம் 'கறுப்பு' என்றுதான் சொல்கிறோம், ஆனால் மூன்றும் மூன்று நோய்.

ஓஎல்இடி திரைக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் விளக்கு, பேக்லைட் என்று தனியாக எதுவும் கிடையாது. உங்களுடையது அந்த வகை என்றால் அடுத்த சோதனையைத் தாண்டிவிடலாம்.

டார்ச் சோதனை

அறை விளக்கை அணையுங்கள். லேப்டாப்பை ஆன் செய்து, விண்டோஸ் வந்து சேரும் அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். முதலில் டார்ச் இல்லாமல், கண் இருட்டுக்குப் பழகியதும் திரையை மட்டும் பாருங்கள். ஆஃப் செய்த திரை ஒரு மாதிரி கறுப்பு. பேக்லைட் எரிந்து படம் வராத திரை வேறு மாதிரி கறுப்பு: விளிம்புகளில் லேசாகச் சாம்பல் கசியும், கீபோர்டின் மேல்வரிசை மீது மெல்லிய ஒளி விழும். இந்த இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பிரித்தறியவே முடியாது.

இப்போது டார்ச். திரைக்கு நாலு விரல் தள்ளி, நேர் எதிரே பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியோ கடிகார எண்களோ இருக்கும் நடுப்பகுதியில் கொஞ்சம் நிதானியுங்கள். பழைய ஃபிலிம் நெகட்டிவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கையை உதறிவிட்டு மகிழலாம். படம் கடைசி நிலையம்வரை வந்துவிட்டது. கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது, ராம் நன்றாக இருக்கிறது, திரையின் படிகமும் நன்றாக இருக்கிறது. விளக்கு மட்டும்தான் எரியவில்லை.

விளக்கு எரியாததற்கு அற்பமான காரணமும் உண்டு. சில மாடல்களில் பிரைட்னஸை முழுக்கக் குறைத்தால் கிட்டத்தட்ட அணைந்தே போகும். பிரைட்னஸ் கூட்டும் பட்டனை, தேவையானால் எஃப்என் பட்டனோடு சேர்த்து, பத்துத் தடவை தட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் ஏமாந்திருக்கிறேன். அதற்கும் எரியவில்லை என்றால் எல்இடி வரிசை, கேபிளில் அதற்கான கம்பி, மதர்போர்டில் அதற்கான ஃபியூஸ் ஆகிய மூன்றில் ஒன்று.

திறக்காமலே தீர்பவை

டார்ச்சிலும் எதுவும் தெரியவில்லையா? அடுத்து செய்வது, பழுதுபார்ப்பவர்கள் வாடிக்கையாளர் போனிலேயே சொல்லித் தீர்த்துவைக்கும் வைத்தியம். சார்ஜரைப் பிடுங்குங்கள். மவுஸ், பென் டிரைவ், மெமரி கார்டு என்று செருகியிருக்கும் அத்தனையும் எடுங்கள். வெளியே கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். (சேமிக்காத வேலை இருந்தால் அது போய்விடும், அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.)

இது மந்திரம் அல்ல. பவர், கீபோர்டு, மூடி, பேட்டரி ஆகியவற்றைக் கவனிக்கவென்றே மதர்போர்டில் தனியாக ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. நாம் ஷட்டவுன் செய்தாலும் அது முழுக்கத் தூங்குவதில்லை. ஸ்லீப்பிலிருந்து எழும்போது அது குழம்பிவிட்டால், திரைக்குப் பவர் கொடுக்கச் சொல்ல மறந்துவிடும். நீண்ட நேரம் பட்டனைப் பிடிப்பது அந்தச் சிப்பை முதலிலிருந்து எண்ண வைக்கிறது. லேப்டாப்பை நேற்று மூடி வைத்து இன்று திறந்தபோது கறுப்பாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்.

அடுத்து மூடி சென்சார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. என் தங்கையின் லேப்டாப் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று கறுக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும். கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை, அழித்து மறுபடி போட்டேன். கேபிள் லூஸ் என்று நினைத்தேன். பேனல்மேல், அதாவது மூடிக்குள் இருக்கும் திரைப் பலகைமேல், சந்தேகப்பட்டேன். நான் அடித்தால் ஒன்றும் ஆகாது, அவள் அடித்தால் மட்டும் அணையும். "உனக்கு மட்டும் ஏன்டி இப்படி?" என்று கேலி வேறு. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவள் இடது மணிக்கட்டு கீபோர்டுக்குக் கீழே இறங்கும்போது மட்டும் திரை அணைகிறது. கையில் கட்டியிருந்த வாட்ச்சின் பட்டை காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை.

லேப்டாப் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைக் கணினி அறிவது ஒரு காந்தத்தை வைத்துத்தான். மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தம், அதற்கு நேர் கீழே கீபோர்டுப் பகுதியில் அதை உணரும் சென்சார். காந்தம் கிட்டே வந்தால் 'மூடிவிட்டார்கள்' என்று முடிவு கட்டித் திரையை அணைக்கும். அந்தக் காந்தம் மூடியிலிருந்து வருகிறதா, மணிக்கட்டிலிருந்து வருகிறதா என்று சென்சாருக்கு எப்படித் தெரியும்? காந்தம் வைத்த கைப்பேசி உறை, அடியில் இன்னொரு லேப்டாப், ஸ்பீக்கர் என எது பக்கத்தில் இருந்தாலும் இப்படி நடக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் லேப்டாப்பை வெறும் மேஜையில், சுற்றி எதுவுமில்லாமல் வைத்துப் பாருங்கள். மூடியின் காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு ஜெம் கிளிப்பை விளிம்போடு நகர்த்தினால் போதும், அந்த இடத்தில் ஒட்டும்.

மூன்றாவது, படம் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பது. நேற்று புரொஜெக்டரில் இணைத்தபோது 'இரண்டாவது திரை மட்டும்' என்று போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் (ஆங்கில அகரவரிசையின் பதினாறாவது எழுத்து) சேர்த்துத் தட்டி, கீழ்நோக்கும் அம்புக்குறியை ஒருமுறை தட்டி, எண்டர் அடித்து ஐந்து விநாடி பொறுங்கள். வரவில்லையென்றால் திரும்பச் செய்யுங்கள். நான்கு விருப்பங்கள்தான், நான்கு சுற்றில் எப்படியும் ஒன்று மாட்டும்.

வெளித் திரை சொல்லும் தீர்ப்பு

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து ஒரு டிவிக்கோ மானிட்டருக்கோ கேபிள் போடுங்கள். டிவியில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எச்டிஎம்ஐ இல்லாமல் யுஎஸ்பி-சி மட்டும் இருக்கும் மாடல் என்றால் ஓர் எச்சரிக்கை: எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் படத்தை வெளியே அனுப்பாது. துளையின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் சின்னம் இருக்கிறதா, கையேட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் நல்ல கிராபிக்ஸ் சிப்பைச் செத்துவிட்டது என்று அறிவித்துவிடுவீர்கள்.

வெளித் திரையில் படம் பளிச்சென்று வந்தால், கிளம்பிய இடத்தில் கோளாறு இல்லை. சிக்கல் மதர்போர்டுக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே: கேபிள், பேனல், பேக்லைட். இந்த நிலையில் வேறு எதையும் தொடுவதற்கு முன் உங்கள் கோப்புகளை ஒரு வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கும்போது என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

வெளித் திரையிலும் ஒன்றும் வரவில்லை என்றால், பேனலை மாற்றுவது வீண். படமே கிளம்பவில்லை. இதில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது ராம் ஒன்றுதான். அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ராம் பட்டையின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் அது சாய்வாக எழும்பும். எடுத்து, மறுபடி சாய்வாகச் செருகி, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய மாடல்களில் இந்த வழி கிடையாது. அதற்கு மேல் போனால் மதர்போர்டு வேலை, அதை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

லோகோ வந்து, பிறகு கறுத்தால்

ஆன் செய்ததும் கம்பெனி லோகோ தெரிகிறது, விண்டோஸ் வரும்போது இருட்டாகிவிடுகிறது என்றால் வன்பொருளை விட்டுவிடுங்கள். லோகோவைக் காட்டிய திரை பத்து விநாடியில் செத்துவிடுவது அபூர்வம். லோகோ வருவது கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸிலிருந்து. அதற்குப் பிறகு கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பேற்கிறது. கைமாறும் அந்த இடத்தில்தான் கோளாறு. உறுதிப்படுத்த, ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள் (எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). அங்கே பத்து நிமிடம் திரை நிலையாக நின்றால் குற்றவாளி விண்டோஸ் பக்கம்தான்.

முதல் மருந்து: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து) ஆகிய நான்கையும் ஒன்றாகத் தட்டுங்கள். ஒரு பீப் கேட்டு, திரை ஒருகணம் சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் நகர்கிறதா? அப்படியானால் டிரைவரும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. டாஸ்க்பாரையும் ஐகான்களையும் வரையும் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் ஏறவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் தட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய பணி தொடங்கும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் சேஃப் மோடு, அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்குவது. விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த தடவை அது தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐத் தட்டுங்கள். நடுவில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்கலாம், அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். சேஃப் மோடில் திரை ஒழுங்காக வந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். அப்டேட் ஏறிய மறுநாள் கறுத்த திரைகள் பெரும்பாலும் இதில் சரியாகிவிடும்.

கோடு, சிமிட்டல், மைக்கறை

முழுக்கக் கறுக்காமல் கோடு கோடாக வந்தால் ஒரு அழகான குறுக்குவழி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு இருந்தால் படம் வரையப்படும்போதே கெட்டிருக்கிறது: டிரைவர் அல்லது கிராபிக்ஸ் சிப். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் கோடு அதற்குப் பின்னால், பெரும்பாலும் கேபிளிலோ பேனலிலோ சேர்ந்தது. மேலிருந்து கீழாக, நூல் பிடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கும் ஒற்றைக் கோடு பொதுவாகப் பேனலுக்குள் ஒரு நெடுவரிசையின் இணைப்பு விட்டுப்போனதைக் காட்டும். அதற்கு மருந்து பேனல் மாற்றம்தான்.

மூடியை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால், அல்லது சிமிட்டல் கூடிக் குறைந்தால், கீல் வழியாகப் போகும் அந்தக் கேபிள்தான். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது வளைந்து நிமிர்கிறது. பெரிய நிறுவனங்கள்கூட இதில் சறுக்கியிருக்கின்றன. ஆப்பிள் 2016-ல் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்தக் கேபிள் குட்டையாக அமைந்து, நாளடைவில் தேய்ந்தது. திரையின் அடியில் நாடக மேடை விளக்கு வரிசை போல ஒளித்திட்டுகள் தெரியும், பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் திறந்தால் முழுக்க அணைந்துவிடும். 2018 மாடலில் கேபிளின் நீளம் 2 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. 2019 மே மாதம் ஆப்பிள் பழைய மாடலுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தையும் அறிவித்தது. நெல்மணி அகலம்கூட இல்லாத 2 மில்லிமீட்டர்!

சிமிட்டல் மூடிக் கோணத்தோடு மாறவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மற்றதெல்லாம் சிமிட்டி, அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி படுத்துகிறது. அதுவும் சேர்ந்து சிமிட்டினால் டிரைவர். இது மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி.

மை கொட்டியதுபோலக் கறுப்பு அல்லது ஊதாக் கறை பரவியிருந்தால் ஆராய்ச்சி வேண்டாம். உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. கீபோர்டின்மேல் பேனாவையோ இயர்போனையோ மறந்து வைத்துவிட்டு மூடியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கறை நாளுக்கு நாள் பெரிதாகலாம், சுருங்காது.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. டி எழுத்துப் பட்டனை (ஆங்கில அகரவரிசையின் நான்காவது எழுத்து) அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால், பல மாடல்களில் திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டும். பேனல் தன்னைத்தானே பரிசோதிப்பது இது. கிராபிக்ஸ் சிப்பின் உதவி இதற்குத் தேவையில்லை. நிறங்கள் சுத்தமாக வந்தால் பேனலைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஸ்குரூ டிரைவரை எடுக்கிறவர்களுக்கு

வாரண்டி இருந்தால் எடுக்காதீர்கள். இல்லையென்றால், பேனல் மாற்றுவது பயப்படும் அளவுக்குக் கடினமான வேலை இல்லை. சரியான பேனல் வாங்குவதுதான் கடினம். லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், ஒரே மாடலுக்குள்ளேயே நாலு வகைப் பேனல் போட்டிருப்பார்கள். பழைய பேனலைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கூடவே கனெக்டரின் பின்களையும் எண்ணுங்கள்: சாதாரண 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்) முழு எச்டி பேனல்களில் பெரும்பாலும் 30, டச் உள்ளவற்றிலும் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் பேனல்களிலும் பெரும்பாலும் 40. அளவும் தெளிவும் ஒன்றாக இருந்து பின்களின் எண்ணிக்கை மாறினால் செருகவே முடியாது.

2010-க்கு முந்தைய லேப்டாப்களில் எல்இடிக்குப் பதிலாகக் குழல் விளக்கு இருக்கலாம். அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பலகையில் சில நூறு வோல்ட் ஓடும். பவர் இருக்கும்போது அதன் கிட்டே கை வைக்கக் கூடாது. குழலுக்குள் சிறிதளவு பாதரசமும் உண்டு, உடைத்துவிடாதீர்கள்.

எந்த லேப்டாப் ஆனாலும், திரைக் கேபிளைத் தொடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை, அடிமூடியில் பத்து ஸ்குரூ கழற்றச் சோம்பல்பட்டு, ஷட்டவுன் செய்ததே போதும் என்று நினைத்து, கேபிளைக் கொஞ்சம் கோணலாகச் செருகினேன். ஆன் செய்தால் புதுப் பேனல் இருட்டு. டார்ச் அடித்தேன், உள்ளே பாஸ்வேர்டுப் பெட்டி அழகாகத் தெரிந்தது. படத்துக்கான பின்களுக்குப் பக்கத்திலேயே பேக்லைட்டுக்கான பின்கள் இருக்கின்றன. ஷட்டவுன் செய்தாலும் பேட்டரி மின்சாரம் மதர்போர்டில் இருந்துகொண்டே இருக்கும். கோணலாகப் போன கனெக்டர் இரண்டையும் தொட்டிருக்க வேண்டும். எள்ளளவு இருக்கும் ஒரு ஃபியூஸ் போய்விட்டது. அதை மாற்ற மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று, கூடவே பத்து ஸ்குரூவையும் கழற்ற வேண்டியதாயிற்று.

புதுப் பேனலைச் செருகியதும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை உடனே மாட்டிவிடாதீர்கள். பேனலைக் கீபோர்டின்மேல் ஒரு மெல்லிய துணி விரித்துச் சாய்த்து வைத்து, கேபிளைச் செருகி, பேட்டரியை இணைத்து, ஆன் செய்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எரியாத புள்ளி, ஓரக் கசிவு எல்லாம் அப்போதே தெரியும். பாதுகாப்புத் தாளையும் அதுவரை உரிக்க வேண்டாம். உரித்த பேனலைத் திரும்ப வாங்க விற்றவர் தயங்குவார்.